பினாயில் வாசனையும் சாகாத வித்தும்: சிறிய மருத்துவமனைக்குக் கிருமிநாசினி தேர்ந்தெடுப்பது எப்படி?

காரைக்குடியில் பழைய நகரத்தார் வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்து நடத்திய சிறிய மருத்துவமனையில் செவிலியராக இருந்தேன். முகப்பில் வெளிநோயாளிகள், வளவு என்னும் உள்முற்றத்தைச் சுற்றிய அறைகளில் படுக்கைகள், இரண்டாம் கட்டில் சலவையும் சமையலும். நிமோனியாவுக்காகச் சேர்ந்திருந்த ஆச்சி ஒருவர் ஒரு காலையில் என்னைக் கூப்பிட்டு, "ஏன் அம்மா, இன்றைக்குத் தரை துடைக்கவில்லையா? வாசனையே வரவில்லையே" என்றார். துடைத்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த ஆயா ஓடிப்போய் ஒரு மூடி பினாயிலைத் தரையில் தெளித்துவிட்டு வந்தார். ஆச்சிக்குத் திருப்தி.

அந்த ஆச்சிக்கு ஆன்டிபயாடிக் ஆரம்பித்த ஆறாம் நாள் தண்ணீராக வயிற்றுப்போக்கு வந்தது. அவர் வீடு திரும்பியதும் அதே கட்டிலுக்கு வந்தவருக்கும் வந்தது. அறை முழுக்க அப்போதும் பினாயில் மணந்துகொண்டுதான் இருந்தது. புதிதாக இந்தப் பொறுப்பை ஏற்பவர்களுக்கு, வாசனைக்கும் கிருமி சாவதற்கும் தொடர்பில்லை என்று புரியவைப்பதுதான் என் முதல் வேலையாக இருக்கும். மருந்துக்கடைக்காரரிலிருந்து மருத்துவமனை முதலாளி வரை பலரும் மூக்கை வைத்துத்தான் கிருமிநாசினி வாங்குகிறார்கள்.

எதிரி எப்படிப்பட்டது

கிளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசைல் என்பது இந்த மாதிரி வயிற்றுப்போக்கை உண்டாக்கும், குடலில் வாழும் ஒரு பாக்டீரியா. 2016 வரை கிளாஸ்ட்ரிடியம் என்ற பெயரில் இருந்தது. மருத்துவர்கள் சுருக்கமாக 'சி டிஃப்' என்பார்கள். 1935-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். ஆய்வகத்தில் வளர்ப்பது கஷ்டமாக இருந்ததால் டிஃபிசைல், அதாவது கடினமானது, என்று பெயர். ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்களின் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது 1978-ல்தான். ஆன்டிபயாடிக் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்துக் கொன்றுவிடுவதால், காலியான இடத்தில் இது பெருகி நஞ்சை வெளியிடுகிறது.

காற்றுப்பட்டால் இந்தப் பாக்டீரியா செத்துவிடும். அதன் வித்து சாகாது. ஆய்வகத்தார் ஸ்போர் என்று சொல்வதைத்தான் இங்கே வித்து என்கிறேன். சித்திரையில் நம் பக்கத்துக் கண்மாய் வெடித்துக் கிடக்கும்போது கோரை செத்துவிட்டது என்று நினைப்போம். முதல் மழைக்கு முளைத்து நிற்கும். அந்த மாதிரிதான் இதுவும். உள்ளே தண்ணீர் வற்றிய மையம், கால்சியத்தோடு பிணைந்த டைபிகோலினிக் அமிலம், சுற்றிலும் புரத உறைகள். கட்டில் கம்பியிலும் கழிப்பறைக் கைப்பிடியிலும் மாதக்கணக்கில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். யாருடைய கை வழியாகவோ வாய்க்குப் போய்க் குடலை அடைந்ததும் முளைக்கும்.

டெட்டனஸ், வாயு அழுகல் நோய், ஆந்த்ராக்ஸ் ஆகியவற்றை உண்டாக்கும் பாக்டீரியாக்களும் இப்படி வித்தாகும் கூட்டம்தான். ஆனால் வார்டில் படுக்கைக்குப் படுக்கை தாவுவது சி டிஃப் என்பதால் அதையே மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதல் படி: இருக்கும் அலமாரியைத் திறந்து பாருங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன் மருத்துவமனையில் இருக்கும் எல்லா பாட்டில்களையும் ஒரு மேசையில் வரிசையாக வையுங்கள். பிராண்டுப் பெயரை விடுங்கள். பின்பக்கத்துச் சிறிய எழுத்தில் இருக்கும் வேதிப்பொருளைப் படியுங்கள்.

பினாயிலும் மற்ற பீனால் வகைகளும் வித்தைக் கொல்லாது. தண்ணீரில் ஊற்றியதும் பால்போல வெளுக்கும் பழுப்பு நிறத்து குளோரோசைலினால் கொல்லாது. பென்சால்கோனியம் குளோரைடு முதலான குவாட்டர்னரி அமோனியம் வகைகள் கொல்லாது. இன்று 'மருத்துவமனைத் தரத் தரைக் கிருமிநாசினி' என்று நறுமணத்தோடு விற்பவற்றில் நிறைய இந்த இனம்தான். குளோர்ஹெக்சிடின் கொல்லாது.

ஸ்பிரிட் என்று நாம் சொல்லும் ஆல்கஹாலும் கொல்லாது. இது புதியவர்களுக்கு நம்பவே முடியாத விஷயம். ஆய்வகங்களில் வித்துகளைப் பத்திரமாகச் சேமித்து வைப்பதற்கே எத்தனால் கலந்த கரைசலைப் பயன்படுத்துகிறார்கள் என்று சொன்னால்தான் வாயடைத்துப் போவார்கள். அறுவைக் கருவிகளை ஆல்கஹாலில் மட்டும் போட்டு எடுத்ததால் காயத்தில் கிளாஸ்ட்ரிடியம் தொற்றி நோயாளிகள் இறந்த சம்பவங்கள் மருத்துவப் பதிவுகளில் உண்டு.

இவற்றையெல்லாம் தூக்கி எறியச் சொல்லவில்லை. சாதாரண நாளில், சாதாரண அறையில், சாதாரணக் கிருமிகளுக்கு இவை தம் வேலையைச் செய்கின்றன. வயிற்றுப்போக்கு நோயாளியின் அறைக்கு இவற்றை நம்பிப் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இரண்டாம் படி: வித்தைக் கொல்பவை எவை

தரை, கட்டில், கழிப்பறை போன்றவற்றுக்கு உருப்படியான தேர்வுகள் மூன்றுதான்.

குளோரின் முதலாவது. ஹைப்போ என்று நாம் அழைக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட், பிளீச்சிங் பவுடர், தண்ணீரில் கரைந்து குளோரின் தரும் என்ஏடிசிசி மாத்திரை மூன்றும் இதில் அடக்கம். மலிவு, எங்கும் கிடைக்கும், வேலை செய்யும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சிக் குளோரின் எடுக்கும் சங்கதி காரைக்குடிக்காரர்களுக்கு அந்நியமும் அல்ல. அழகப்ப செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் நம் ஊரில்தான் இருக்கிறது.

இரண்டாவது, பெரசெட்டிக் அமிலம். வினிகர்போல மூக்கைத் துளைக்கும். குறைந்த செறிவிலேயே வித்தைக் கொல்லும். செம்பு, பித்தளை, சாதாரண இரும்பு ஆகியவற்றை அரித்துவிடும். விலையும் கூடுதல்.

மூன்றாவது, செறிவூட்டிய ஹைட்ரஜன் பெராக்சைடு கலவைகள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 0.5 சதவீதக் கலவையும் 4.5 சதவீதக் கலவையும் ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி பாட்டிலில் வரலாம். வித்துக்கு எதிரான சான்று வழக்கமாகப் பின்னதற்குத்தான் இருக்கும். மருந்துக்கடையில் புண் கழுவ விற்கும் 3 சதவீதப் பெராக்சைடை வாங்கித் தரை துடைப்பதில் பயனில்லை.

ஃபார்மலின் புகை போடுவதைப் பற்றிக் கேட்பீர்கள். இன்னும் பல இடங்களில் போடுகிறார்கள். அந்தப் புகையில் இருக்கும் ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-லேயே அறிவித்துவிட்டது. அறையைப் பூட்டிப் புகை போட்டுவிட்டுக் கட்டிலைக் கையால் தேய்க்காமல் விடுவது சோம்பேறித்தனத்துக்குப் பூசிய சாயம். புற ஊதா விளக்குக்கும் அதே பதில்: நிழல் விழும் இடத்தில் அது வேலை செய்யாது, கட்டிலுக்கு அடியில் நிழல்தான்.

மூன்றாம் படி: விற்பனையாளர் வரும்போது

என்னிடம் ஒருவர் வழவழப்பான கையேடு கொண்டுவந்தார். முதல் பக்கத்தில் 'வித்துகளையும் கொல்லும்' என்று பெரிய எழுத்து. லிட்டருக்கு 5 மில்லி போதும் என்று அதற்கு அடியில். கடைசிப் பக்கத்தில் கண்ணாடி போட்டுப் பார்த்தால் தெரிகிற எழுத்தில், வித்துக்கான சோதனை நீர் கலக்காத மூலக் கரைசலில், பல மணி நேரம் ஊறவைத்துச் செய்யப்பட்டது என்று இருந்தது. இரண்டு வரியும் உண்மைதான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்காதவர் தலையில் மிளகாய் அரைத்தாயிற்று.

ஆகவே சோதனை அறிக்கையைக் கையில் வாங்கி நான்கு விஷயங்களைத் தேடுங்கள். எந்த வித்தில் சோதித்தார்கள்? சி டிஃபிசைல் என்று எழுதியிருந்தால் நல்லது. நீங்கள் கலக்கப்போகும் அதே அளவில் சோதித்தார்களா? எத்தனை நிமிடம்? அழுக்கு சேர்த்துச் சோதித்தார்களா, சுத்தமான நிலையில் மட்டுமா? அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை சி டிஃபிசைல் வித்தைக் கொல்லும் பொருள்களுக்குத் தனியாக 'கே' பட்டியல் வைத்திருக்கிறது; அதில் இடம்பிடிக்க 10 நிமிடத்துக்குள் பத்து லட்சம் வித்தில் ஒன்றுதான் மிஞ்சலாம் என்ற அளவுக்குக் கொன்றிருக்க வேண்டும். ஐரோப்பாவில் மருத்துவத் துறைக்கான வித்துக்கொல்லிச் சோதனை இஎன் 17126. இந்த எண்ணை அறிக்கையில் பார்த்தால் பேச்சைத் தொடரலாம்.

பதில் சொல்லத் தெரியாத விற்பனையாளர் கெட்டவர் அல்ல. "அலுவலகத்தில் கேட்டுச் சொல்கிறேன் மேடம்" என்று போய் உண்மையாகவே அறிக்கையோடு திரும்பி வந்தவர்களும் உண்டு.

நான்காம் படி: கேனிலிருந்து வாளிக்கு

எல்லாம் சரியாக வாங்கியும் தோற்கும் இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எவ்வளவு குளோரின் வேண்டும்? பிரிட்டன் வழிகாட்டுதல்களில் 1000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் ஆயிரம் பங்கு, என்று இருக்கும். அமெரிக்காவில் வீட்டு பிளீச்சை ஒன்றுக்கு ஒன்பது தண்ணீர் கலந்து ஏறத்தாழ 5000 பிபிஎம் ஆக்குவார்கள். வயிற்றுப்போக்கு நோயாளியின் அறைக்கும் கழிப்பறைக்கும் நான் 5000-ஐத்தான் எடுத்துக்கொள்வேன். நம் வெயிலும், நம் சேமிப்பு முறையும், அவசரத்தில் விட்டுப்போகும் அழுக்கும் சேர்ந்து அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்று தெரியும்.

5000 பிபிஎம் என்றால் 0.5 சதவீதம். கேனில் எழுதியிருக்கும் சதவீதத்தை 0.5 ஆல் வகுத்து, வருவதில் ஒன்றைக் கழியுங்கள். ஒரு பங்கு ஹைப்போவுக்கு அத்தனை பங்கு தண்ணீர். 5 சதவீதக் கேன் என்றால் 9 பங்கு. 10 லிட்டர் வாளிக்கு 1 லிட்டர் ஹைப்போ, 9 லிட்டர் தண்ணீர். 10 சதவீதக் கேன் என்றால் அரை லிட்டர், 9.5 லிட்டர். 4 சதவீதம் என்றால் 1.25 லிட்டர், 8.75 லிட்டர். சதவீதமே எழுதாத கேனை வாங்காதீர்கள். தயாரித்த தேதி இல்லாததையும் வாங்காதீர்கள்.

'ஒரு மூடி', 'இரண்டு மூடி' என்ற கணக்கை அன்றோடு ஒழியுங்கள். நாங்கள் செய்தது மிகச் சாதாரணமான ஒன்று: ஒரு வாளியில் அளந்து தண்ணீர் ஊற்றி, 9 லிட்டரில் ஒரு கோடு, 10 லிட்டரில் ஒரு கோடு, அழியாத மையால் போட்டோம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் முதல் கோடு வரை தண்ணீர், இரண்டாம் கோடு வரை ஹைப்போ என்று ஊற்றினார். அதற்குப் பிறகு கேன் வேறு சதவீதத்தில் வந்தால் கோட்டை மாற்ற வேண்டும் என்பதை மறந்து ஒரு முறை மாட்டிக்கொண்டோம். அதனால் கொள்முதல் செய்பவர் சதவீதத்தை மாற்றக் கூடாது. மாற்றினால் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஹைப்போ வெயிலிலும் வெளிச்சத்திலும் தன் பலத்தை இழக்கும். செறிவு கூடக்கூட இழப்பும் வேகமாக இருக்கும். 10 சதவீதக் கேன் 5 சதவீதக் கேனைவிடச் சீக்கிரம் கெடும். மொட்டைமாடிப் படிக்கட்டுக்கு அடியில், தகரக் கூரைக்குக் கீழே கேன்களை அடுக்கி வைத்துவிட்டு, மூன்று மாதம் கழித்து அதே கணக்கில் கலந்தால் வாளியில் இருப்பது பெரும்பாலும் உப்புத் தண்ணீர். பழைய வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தடித்த சுவரும் குறைந்த வெளிச்சமும் உள்ள உள்கட்டு அறை ஹைப்போ வைக்க ஏற்ற இடம். ஆனால் அங்கே இரும்பு அலமாரி இருந்தால் துருப்பிடித்துவிடும். கலந்த கரைசலை அன்றன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும்.

பிளீச்சிங் பவுடரில் நல்ல தரமானதற்கு 33 சதவீதம் அளவுக்குக் குளோரின் இருக்கும். 10 லிட்டருக்கு 150 கிராம் போட்டால் கணக்கு சரி. பிரித்த மூட்டை ஐப்பசி மழையில் ஈரம் குடித்துக் கட்டியானால் அந்தக் கணக்கு செல்லாது. பிளாஸ்டிக் வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்த பிறகு தெளிந்த நீரை மட்டும் எடுக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் தரையெல்லாம் வெள்ளை.

சிறிய மருத்துவமனைக்கு என் தனிப்பட்ட சிபாரிசு என்ஏடிசிசி மாத்திரை. உலர்ந்த இடத்தில் வைத்தால் ஆண்டுக்கணக்கில் பலம் குறையாது, தேவைப்படும் அன்று தேவையான அளவு கரைத்தால் போதும். ஒரு மாத்திரை ஒரு லிட்டரில் 1000 பிபிஎம் தரும் என்று எழுதியிருந்தால் லிட்டருக்கு ஐந்து மாத்திரை போட வேண்டும். குடிநீர் சுத்திகரிக்க விற்கும் மாத்திரையும் இதே வேதிப்பொருள்தான், ஆனால் அது மிகச் சிறிய அளவு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று அதை வாளியில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

கலந்ததைச் சோதிக்கக் குளோரின் பட்டை விற்கிறது. நீச்சல் குளத்துக்கான பட்டை வேண்டாம். அது சில பிபிஎம் வரைதான் காட்டும். 5000-இல் முக்கினால் அதன் நிறமே வெளுத்து, குளோரின் இல்லை என்பதுபோலக் காட்டிவிடும். உயர் அளவு காட்டும் பட்டை என்று கேட்டு வாங்குங்கள். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால் ஹைப்போ ஊற்றியதும் வாளி பழுப்பேறும். அந்த இரும்பு உங்கள் குளோரினைத் தின்கிறது என்று அர்த்தம். கலக்க வேறு தண்ணீர் பாருங்கள்.

எதோடும் சேர்க்கக் கூடாது. கழிப்பறை கழுவும் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள திரவம் பட்டால் குளோரமைன். மூடிய கழிப்பறையில் இரண்டுமே ஆளைச் சாய்த்துவிடும். பினாயிலைச் சேர்த்து மணக்கவைக்கும் பழக்கத்தையும் நிறுத்துங்கள். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் கட்டாயம். ஹைப்போவைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பவரை அன்றே கண்டியுங்கள், எவ்வளவு மூத்தவராக இருந்தாலும்.

ஐந்தாம் படி: மின்விசிறியை அணையுங்கள்

குளோரின் மலத்தையும் சளியையும் கண்டால் அவற்றோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். ஆகவே முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துச் சுத்தம், பிறகு வெறும் தண்ணீர், அதற்குப் பிறகுதான் குளோரின். சுத்தம் செய்யாமல் கிருமிநாசினி ஊற்றுவது எச்சில் இலையை எடுக்காமல் மேலே இலை போடுவது மாதிரி.

குளோரின் பட்ட இடம் 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். ஒரு பங்குனி மதியம் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கட்டில் தலைமாட்டுக் கம்பியில் பளபளப்பு மூன்றாம் நிமிடம் ஓரங்களில் போயிற்று; நான்காம் நிமிடம் முழுதும் காய்ந்துவிட்டது. மின்விசிறியை அணைத்து, நடுவில் ஒரு முறை மறுபடி நனைத்த பிறகுதான் பத்தைத் தொட்டோம். நோயாளி வீடு திரும்பிய பிறகு செய்யும் முழுச் சுத்தத்தில் இது எளிது. ஆள் படுத்திருக்கும்போது புழுக்கத்தில் விசிறியை அணைக்கச் சொன்னால் உறவினர்கள் முறைப்பார்கள். விளக்கிச் சொல்லிவிட்டு, மூச்சுத் தொந்தரவு இருப்பவரை வளவில் சற்று உட்காரவைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஒரு கட்டிலுக்கு ஒரு துணி. துடைத்த துணியை வாளிக்குள் மறுபடி முக்கக் கூடாது. முக்கினால் வித்தை அறை அறையாகப் பரிமாறும் வேலையை நீங்களே செய்கிறீர்கள். மேலிருந்து கீழ், சுத்தமான பக்கத்திலிருந்து அழுக்கான பக்கம், கழிப்பறை கடைசி. கட்டில் கைப்பிடி, அழைப்பு மணிப் பொத்தான், சலைன் ஸ்டாண்டு, கதவுத் தாழ்ப்பாள், பெட்பேன், கழிப்பறைக் குழாய்த் திருகு: கை படும் இடம்தான் முக்கியம், கண்ணில் படும் தரை அதற்கு அடுத்தது.

கைக்கு சானிடைசர் இங்கே உதவாது. அதில் இருப்பதும் ஆல்கஹால்தான். சோப்பும் ஓடும் தண்ணீரும் வித்தைக் கொல்வதில்லை, கழுவி இறக்கிவிடுகின்றன. 40 முதல் 60 வினாடி. உள்ளே போகும்போது கையுறை, கழற்றியதும் கை கழுவல். சி டிஃப் பரிசோதனை முடிவு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆன்டிபயாடிக் எடுக்கும் நோயாளிக்கு ஒரு நாளில் மூன்று முறை தண்ணீராகப் போனால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு அன்றே இதைத் தொடங்குங்கள்.

கருவிகள் வேறு கணக்கு. உடலுக்குள் போகும் எதுவும் அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவுக்குத்தான்: 121 டிகிரி செல்சியஸ், 15 பவுண்டு அழுத்தம், உறையில் சுற்றிய கருவிக்கு 30 நிமிடம். சூடு தாங்காதவற்றை 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் 20 நிமிடம் போட்டு எடுப்பதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அந்த 20 நிமிடத்தில் சாதாரணக் கிருமி சாகும். வித்து சாக 10 மணி நேரம் ஆகும். அதைத் தரை துடைக்க எடுக்கவே கூடாது, ஆவி நுரையீரலைப் பாதிக்கும்.

ஆத்தங்குடிக் கல்லும் பர்மா தேக்கும்

செட்டிநாட்டு வீட்டில் மருத்துவமனை நடத்துபவர்களுக்கு வெளியூர்க் கையேடுகள் எதுவும் சொல்லாத தலைவலி இது. கிருமிநாசினிச் சான்றுகள் எல்லாம் கெட்டியான, நீர் உறிஞ்சாத பரப்புக்கு மட்டுமே. ஆத்தங்குடிக் கல் சிமென்டும் மணலும் நிறப்பொடியும் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்துச் செய்தது. பார்க்க வழவழப்பாக இருந்தாலும் தண்ணீரைக் குடிக்கும், அமிலம் பட்டால் அரிக்கும். ஆகவே பெரசெட்டிக் அமிலம் அந்தத் தரைக்கு ஆகாது. குளோரின் போடலாம்; 10 நிமிடம் கழித்து வெறும் தண்ணீரால் இரண்டு முறை துடைக்காவிட்டால் வெள்ளைப் படலம் பூத்துப் பூவேலைப்பாடு மங்கிவிடும். எவர்சில்வர் மேசைக்கும் இதே விதிதான், துடைக்காமல் விட்டால் புள்ளி புள்ளியாக அரிப்பு விழும். பித்தளைக் கைப்பிடியைக் கழற்றிவிட்டு எவர்சில்வர் போடுங்கள்.

தேக்குத் தூணையும் கதவையும் கிருமிநீக்கம் செய்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. வயிற்றுப்போக்கு நோயாளிக்கென்று ஓர் அறையை ஒதுக்கி, அங்கே மட்டும் தரையில் விட்ரிஃபைடு டைல்ஸோ இணைப்பில்லாத வினைல் விரிப்போ போட்டு, மரச்சாமான்களை வெளியே எடுத்துவிடுவதுதான் வழி. தனிக் கழிப்பறை உள்ள அறையாகப் பாருங்கள். எங்கள் முதலாளியிடம் இதைச் சொன்னபோது, வீட்டுக்காரர் ஆத்தங்குடிக் கல்லைப் பெயர்க்கவே விடமாட்டார் என்றார். பெயர்க்கவில்லை. கல்லின் மேலேயே வினைலை விரித்து, ஓரங்களைச் சுவரில் நான்கு விரல்கடை ஏற்றி ஒட்டினோம்.